காம்பில் ஈரப்பஞ்சு சுற்றிய மஞ்சள் ரோசா

தென்மேற்கிலிருந்து கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் திருகோணமலையில் எங்கள் துறைமுகப் பக்கத்துத் தெருக்களில் நின்றால் பல்லுக்குள் மணல் நறநறக்கும். டீசல் மணமும் காய்ந்த பாசி மணமும் கலந்த அந்தச் சூட்டுக் காற்று தொண்டையில் போய் ஒட்டிக்கொள்ளும். அப்படியொரு பின்னேரம், பாட்டுப் பயிற்சி முடிந்து கோயில் வாசலில் கண்ணைக் கசக்கிக்கொண்டு நின்றபோதுதான் எனக்கு முன்னால் ஒரு ஸ்கூட்டர் வந்து நின்றது. ஓட்டிவந்தவர் ஒரு கன்னியாஸ்திரி. தலையில் ஹெல்மெட், அதற்குக் கீழே தொங்கிய வெள்ளை முக்காடு காற்றோடு போய்விடாதபடி முதுகுப்பக்கத்தில் உடுப்புக் காயப்போடும் கவ்விகள், ஒன்று பச்சை, ஒன்று செம்மஞ்சள். இறங்கி, ஹெல்மெட்டைக் கழற்றி, வாய்க்குள் போன மணலைத் துப்பிவிட்டு, "என்ன பிள்ளையள், உங்கட ஊர்க் காத்துக்கு மரியாதை தெரியாதோ" என்று கேட்டார். எனக்கு அப்போது பதினாலு வயது. அதுவரை நான் கண்ட கன்னியாஸ்திரிகள் எல்லோரும் மெதுவாக நடந்து மெதுவாகக் கதைப்பவர்கள். அவர்களைக் கண்டால் எங்கள் செருப்புச் சத்தம்கூடக் குறைந்துவிடும். இப்படியும் ஒருத்தி கடவுளுக்கென்று இருக்கலாமோ என்ற எண்ணம் எனக்குள் விழுந்தது அந்த நிமிடத்தில்தான். நான் எதையும் ஆறுதலாக யோசிக்கிற ஆளில்லை. அன்று படுக்கப் போகுமுன்பே எனக்கு எந்த நிறக் கவ்வி வேண்டும் என்பதுவரை முடிவுசெய்துவிட்டேன்.

அவர் பெயர் சிஸ்டர் லூர்தினா. எங்கள் கோயில் பங்கில் இருந்த சிறிய மடத்துக்கு மாற்றலாகி வந்தவர். பெண்பிள்ளைகளின் தேவ அழைத்தலுக்கு, அதாவது மடத்தில் சேர விரும்புகிறவர்களை வழிநடத்துவதற்கு, பொறுப்பானவர். மாதத்தில் ஒரு சனிக்கிழமை மடத்து வரவேற்பறையில் எங்களைக் கூட்டி வைத்து, பிளேன்ரீயும் மலிபன் பிஸ்கட்டும் தந்து, "தேர்ந்து தெளிதல்" என்றால் என்னவென்று சொல்லித்தருவார். ஒருத்திக்குள் மூன்று குரல் கேட்கும் என்பார். ஒன்று ஆண்டவருடையது, இன்னொன்று அவளுடைய சொந்த ஆசை, மூன்றாவது குழப்பக்காரனுடையது. எது எது என்று பிரித்துப் பார்க்கத்தான் காலம் வேண்டும், அதற்குத்தான் ஒரு துணை வேண்டும் என்பார். கூட்டம் முடிந்ததும் ஒவ்வொருத்தியாகத் தனியே கூப்பிட்டு ஒரு கதிரையில் இருத்தி வைத்துக் கேட்பார். அதை நாங்கள் "உள்ளம் திறக்கிறது" என்று சொல்வோம். அங்கே கதைத்தது அந்தக் கதவைத் தாண்டாது என்பது எங்களுக்குக் கொடுக்கப்பட்ட வாக்கு. கெட்டிக்காரி என்று பெயரெடுத்து, வகுப்பில் கேள்வி முடியுமுன் கையைத் தூக்குகிற எனக்கு, வாயைத் திறந்தால் நடுவில் வெட்டாமல் கேட்கிற ஒருவர் கிடைத்தது பெரிய சங்கதி. அம்மாவிடம் சொல்லாததை, சிநேகிதிகளிடம் சொல்லாததை எல்லாம் அந்தக் கதிரையில் இருந்துதான் சொன்னேன்.

வீட்டில் விஷயம் தெரிந்தது உயர்தரப் பரீட்சை எழுதுகிற வருடம். லிங்கநகரில் எங்கள் வீடு. அப்பா துறைமுகத்தில் இழுவைப் படகில் வேலை, நான் ஒரே பிள்ளை. அப்பா சோற்றுக் கோப்பையிலிருந்து தலையை நிமிர்த்தாமலே, "மடத்தில கேள்வி கேட்டா அடிக்க மாட்டினமோ? அப்பிடியெண்டா போகட்டும்" என்று பகிடி விட்டார், அது அவருடைய சம்மதமா மறுப்பா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. அம்மா பகிடி விடவில்லை. குசினியில் கும்பளா மீன் பொரித்துக்கொண்டு நின்றவள், என் பக்கம் திரும்பாமல், "பிள்ளை, நீ போனா நான்..." என்று தொடங்கினாள். எண்ணெய் வெடித்துக் கையில் தெறித்தது. அகப்பையை வைத்துவிட்டுக் கையை உதறினாள். வாக்கியம் அதோடு நின்றுபோனது. அடுத்தடுத்த கிழமைகளில் அவளுடைய மறுப்பு வேறு வேறு வடிவத்தில் வந்தது: என்னுடைய உடுப்பைத் தோய்க்காமல் விட்டாள், "மடத்தில நீதானே தோய்க்கப்போறாய், பழகு" என்றாள், பூசைக்குப் போகும் வழியில் கலியாணச் சோடிகளைக் கண்டால் நின்று நின்று பார்த்தாள், சிஸ்டர் வீட்டுக்கு வந்தபோது தேத்தண்ணியில் சீனி போட மறந்தாள், மறந்தது போல இருக்கவில்லை.

எனக்கோ ஒரு உறுதி வேண்டியிருந்தது. என் ஆசையா, ஆண்டவர் அழைப்பா என்று நானே பிரித்தறிய ஏலாமல் அந்தரப்பட்டேன். கத்தோலிக்க வீடுகளில் வளர்ந்தவர்களுக்கு அந்த அந்தரத்துக்கு ஒரு வழி தெரியும்: சிறுமலர்ப் புனிதைக்கு ஒன்பது நாள் நவநாள் செய்து, கேட்டது கைகூடும் என்பதற்கு அடையாளமாக ஒரு ரோசாப்பூ கேட்பது. ஒருவருக்கும் சொல்லக் கூடாது. எப்படியோ ஒரு பூ உன்னிடம் வந்து சேரும், வராவிட்டால் அதுவும் பதில்தான். எங்கள் கோயிலில் அந்தப் புனிதையின் திருநாளன்று இன்னொரு வழக்கமும் இருந்தது. மந்திரித்த பூக்களை ஓலைக் கடகத்தில் போட்டு, சனம் இருக்கும் வாங்கு வாங்காகக் கொண்டுவருவார்கள்; கண்ணை மூடிக்கொண்டு கையில் அகப்படுவதை எடுக்கவேண்டும். பெயர்தான் ரோசாப்பூத் திருநாள், கடகத்தில் கிடப்பதெல்லாம் நித்தியகல்யாணியும் செவ்வரத்தையும்தான். ரோசா எங்கள் பக்கத்தில் நிலைக்காது. வெயிலுக்குத் தப்பினதை மான் விடாது. மடத்து முற்றத்தில் சிஸ்டர்மார் நட்ட செடிகளைத் தெருவில் திரியும் புள்ளிமான்கள் படலைக்குள் தலையை நீட்டி மொட்டோடு கடித்துக்கொண்டு போனதை நானே பார்த்திருக்கிறேன்.

ஆகவே நான் கெட்டித்தனமாக யோசித்தேன். சிவப்பு ரோசா கேட்டால் எந்தக் கலியாண வீட்டிலிருந்தும் வந்துவிடும், அதை அடையாளமென்று எடுக்க ஏலாது. மஞ்சள் கேட்டேன். இந்த ஊரில் தானாக வர வழியே இல்லாத நிறம். வானத்தை மடக்கிவிட்டேன் என்று ஒரு சின்ன மிதப்புகூட இருந்தது. ஒருவருக்கும் சொல்லக் கூடாது என்ற விதியையும் காத்தேன், ஒரே ஒருவரைத் தவிர. அந்தக் கதிரையில் இருந்து சொல்வது சொல்வதாகாது என்று நினைத்தேன். அது ஆண்டவருக்கு முன்னால் சத்தமாக யோசிப்பது மாதிரி. சிஸ்டர் லூர்தினா கேட்டுவிட்டு, "மஞ்சளோ? நீர் சரியான ஆள்தான்" என்று சிரித்தார்.

ஒன்பதாம் நாள், திருநாளன்று, கோயில் நிறைய சனம். கடகத்தை ஏந்திக்கொண்டு சிஸ்டர்தான் எங்கள் பக்கம் வந்தார். எனக்கு முன்னால் வந்தபோது கடகத்தைக் கொஞ்சம் திருப்பிப் பிடித்தார் என்பது இப்போதுதான் நினைவில் தெளிகிறது. அப்போது கண்ணை மூடிக்கொண்டிருந்தேன். விரலில் முள் பட்டது. திறந்து பார்த்தேன். முக்கால்வாசி விரிந்த மஞ்சள் ரோசா, காம்பின் அடியில் ஈரப்பஞ்சு சுற்றி, அதன்மேல் ஒரு றப்பர் வளையம். பஞ்சைப் பற்றி நான் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை, வகுப்பில் கேள்வி கேட்டே வாத்திமாரைக் களைக்கவைத்தவள். புனிதை எவ்வளவு கவனமாக அனுப்பியிருக்கிறார் என்றுதான் நினைத்தேன்.

வீட்டுக்கு ஓடிவந்து அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன்: நவநாள், நிறம், கடகம், முள். அம்மா பூவை வாங்கிப் பார்த்தாள். மூக்கருகே கொண்டுபோகவில்லை, கோயில் பாத்திரத்தைப் பிடிப்பதுபோல் இரண்டு கையாலும் பிடித்திருந்தாள். பிறகு திருஇருதயப் படத்துக்குக் கீழே, விளக்குக்குப் பக்கத்தில், ஒரு கிளாசில் தண்ணீர் விட்டு வைத்தாள். "அவரே கேட்டுப்போட்டார். இனி நான் என்னத்தைக் கதைக்கிறது" என்றாள். அதற்குப் பிறகு அவள் மறுக்கவேயில்லை. மடத்தில் நான் உடுக்கவேண்டிய பழுப்புப் பாவாடைகளைத் தானே தைத்தாள், விளிம்பு மடிக்கும்போது கண்ணீர் விழுந்த இடத்தைத் துடைத்தாள். பஸ் ஏற்றிவிட்டபோது அழாமல் நின்றாள். நின்றது எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

தம்பலகாமத்து வயல்களைத் தாண்டி, கண்டி கடந்து, மலைநாட்டில் எங்கள் பயிற்சி இல்லத்தின் படலையைத் திறந்தபோது நான் கண்ட முதல் காட்சி, பனிக்குள் நின்ற ரோசாப் பாத்திகள். வெள்ளை, இளஞ்சிவப்பு, நடுவில் ஒரு முழுப் பாத்தி மஞ்சள். பெட்டியைக் கீழே வைத்துவிட்டு அந்த ஈரப் புல்லிலேயே முழந்தாளிட்டேன். வரப்போகிற வீட்டைப் பூவால் முன்கூட்டியே காட்டியிருக்கிறாரே என்று நன்றி சொன்னேன். படலை திறந்துவிட்ட நிரோ, மன்னாரிலிருந்து எனக்குக் கொஞ்சம் முன்னால் வந்து சேர்ந்த பிள்ளை, "இதில கும்பிடாதயும், அட்டை ஏறும்" என்றாள்.

அந்த வாழ்க்கையை நான் பழித்துச் சொல்ல வரவில்லை. விடியமுன் மணி, பனியில் விறைத்த விரல்களோடு செபம், பிறகு ஆளுக்கொரு வேலை, பின்னேரம் பாடம், சாப்பாட்டில் மௌனம். வாயடங்காத எனக்கு மௌனம் முதலில் தண்டனையாக இருந்தது, பிறகு அதற்குள் ஒரு இடம் திறந்தது. அங்கே யாரோ இருந்தார் என்று நான் இன்றும் நம்புகிறேன். ஒவ்வொரு முறை மனம் தளர்ந்தபோதும், வீட்டு மீன்குழம்பை நினைத்து ஏங்கியபோதும், மஞ்சள் ரோசாவை நினைத்துத்தான் என்னைப் பிடித்து நிறுத்தினேன். மற்றவர்கள் செபத்தில் ஊன்றினார்கள். நான் அந்தப் பூவில் ஊன்றினேன்.

ஒரு காலமை, கிழக்குப் பக்கம் அழைத்தல் முகாமுக்குப் போகிற வழியில் சிஸ்டர் லூர்தினா எங்கள் இல்லத்துக்கு வந்தார். கண்டதும் ஓடிப்போய்க் கட்டிக்கொண்டேன். தேத்தண்ணி குடித்துவிட்டு, "அனிற்றா, கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டு வாரும். ஒரு வெள்ளை வேணும், அரைவாசி விரிஞ்சதாய், காம்பு நீளமாய்" என்றார். பீடத்துக்காக்கும் என்று நினைத்து நல்லதாகப் பார்த்து வெட்டிக் கொடுத்தேன். அவர் தோள்பையிலிருந்து பஞ்சு எடுத்து, குழாயில் நனைத்து, காம்பின் அடியில் சுற்றி, றப்பர் வளையம் ஒன்றைப் போடத் தொடங்கினார். கை பழகிய வேகம்.

"இப்பிடிச் சுத்தினா திருகோணமலை போய்ச் சேருமட்டும் வாடாது" என்றார், பூவைப் பார்த்துக்கொண்டே.

"திருகோணமலைக்கும் கொண்டுவந்தனீங்களோ, சிஸ்டர்?"

றப்பர் வளையம் அவர் விரலில் இழுபட்டபடி நின்றது. பிறகு சிரித்தார், அதே சிரிப்பு, மணலைத் துப்பிவிட்டுச் சிரித்த சிரிப்பு. "உமக்கு எப்பவோ விளங்கியிருக்கும் எண்டெல்லோ நினைச்சனான்."

"எனக்கு விளங்கேல்லை."

"பிள்ளை, ஆண்டவர் வானத்தில இருந்தே பூ எறியிறவர்? ஆரோ ஒராளின்ர கையாலதான் வரவேணும். அண்டைக்கு அது என்ர கை."

"நான் நிறம் சொன்னது உங்களுக்கு மட்டும்தான்."

"ஓம். அதை என்ர காதில போட்டது ஆர்?"

அவரிடம் எதற்கும் ஒரு பதில் இருந்தது. நான் அவரை விரும்பியதே அதற்காகத்தான். நின்று யோசித்துத்தான் கேட்டேன், வழக்கத்துக்கு மாறாக. "பூ வராமல் விட்டிருந்தா அதுவும் ஒரு பதில்தானே, சிஸ்டர். அதை ஏன் எடுத்துப்போட்டீங்கள்?"

அவர் வளையத்தைப் போட்டு முடித்தார். வெள்ளை ரோசாவைப் பைக்குள் பத்திரமாகச் சரித்து வைத்தார். "வாகனம் நிக்குது" என்றார். படலையடியில் திரும்பி நின்று, "நீர் நல்லாய் வருவீர். எனக்கு அது வடிவாத் தெரிஞ்சது. அதாலதான்" என்றார். வாகனம் பனிக்குள் போனது. கிழக்கில் எங்கோ ஒரு கதிரையில் இருந்து வெள்ளை என்று சொல்லியிருக்கும் ஒரு பிள்ளைக்கு, நான் வெட்டிய பூ போய்க்கொண்டிருந்தது.

மூன்று குரல் என்று எங்களுக்குச் சொல்லித்தந்தவர், நான்காவது ஒன்று இருக்கிறது என்று சொல்லவேயில்லை. அது கேட்டுக்கொண்டிருப்பவரின் குரல்.

பின்னேரம் குசினியில் கரட் சுரண்டும்போது நிரோவிடம் சொன்னேன். அவள் சுரண்டுவதை நிறுத்தாமலே, "எனக்கு இளஞ்சிவப்பு. பஞ்சோட" என்றாள். பிறகு சிரிக்கத் தொடங்கினாள், கரட்டையும் கத்தியையும் கீழே வைத்துவிட்டு, கண்ணால் தண்ணி ஓடச் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

"உனக்குக் கோவம் வரேல்லையா?"

"வருது. அடுத்தமுறை வந்தா மனுசியின்ர பைக்குள்ள அட்டை பிடிச்சு விடுவன்" என்றாள். முகத்தைத் துடைத்துக்கொண்டு, "பூ கள்ளம், அனி. நான் கள்ளமில்லை. நான் நிக்கிறன். நீ என்ன, பூவுக்காகவோ வந்தனீ?"

அந்தக் கேள்விக்கு என்னால் பதில் சொல்ல முடியவில்லை. அதனால்தான் பயிற்சி இல்லத்தை விட்டு வெளிக்கிட்டேன். கோபத்தில் வெளிக்கிட்டதாக நிரோ நினைத்தாள். கோபம் இருந்தது, இன்றும் இருக்கிறது, அதை நான் ஒளிக்கப்போவதில்லை. ஆனால் கோபத்தோடு அங்கே இருந்திருக்கலாம். எந்தக் குரல் என்னுடையது என்று தெரியாமல் இருக்க ஏலாது. பொறுப்பாக இருந்த மதரிடம் "எனக்குத் தெளிவில்லை" என்று மட்டும் சொன்னேன். அவர் காரணம் துருவவில்லை. நெற்றியில் சிலுவை போட்டு அனுப்பினார்.

லிங்கநகரில் ஒழுங்கையில் இறங்கி நடந்தபோது, "என்ன, சிஸ்டர் லீவிலயோ?" என்று ஒரு வேலிக்கு மேலால் குரல் வந்தது. அப்பா பெட்டியை வாங்கி, "கேள்வி கேட்டுத்தான் துரத்திப்போட்டினம் போல" என்றார், அன்றும் ஒரு பகிடி, ஆனால் பெட்டியை உள்ளே வைத்துவிட்டு நெடுநேரம் வெளியே வரவில்லை. அம்மா சோறு போட்டாள். அன்று மாலைச் செபமாலை முடிவில், வழக்கமான மன்றாட்டுகளுக்குப் பிறகு, ஒன்று கூடுதலாகச் சொன்னாள்: "உம்முடைய குரலைக் கேட்டும் திரும்பிவந்த பிள்ளையை மன்னியும்."

அன்றிலிருந்து ஒவ்வொரு மாலையும் அந்த மன்றாட்டைக் கேட்டு "எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்" என்று நானும் சேர்ந்து சொல்லி வருகிறேன். படத்துக்குக் கீழே அந்த ரோசா இன்னும் இருக்கிறது, காய்ந்து மண்நிறமாகி, ஒரு பழைய செபமாலைப் பெட்டிக்குள். பஞ்சுகூட அப்படியே, கல்லுப்போல இறுகிக் கிடக்கிறது. தூசு தட்ட நான் கையை நீட்டினால், "அது இருக்கட்டும், அவர் தந்தது" என்பாள். அவளுக்கு அது தன் மகளைக் கடவுள் நேரில் கேட்டதற்குச் சாட்சி. அவள் கொடுத்தாள், மகள்தான் தட்டிவிட்டாள். என்னை ஏமாற்றியதை நான் ஒரு நாள் விட்டுவிடக்கூடும். அம்மாவின் வாயை அடைத்ததை எப்படி விடுவது என்று எனக்குத் தெரியவில்லை.

இப்போது எங்கள் பங்கில் கன்னியாஸ்திரிகள் இல்லை. நுழைய ஆளில்லாமல் மடத்தை மூடி, முன்பக்கத்தை ஒரு பாலர் பாடசாலைக்குக் கொடுத்துவிட்டார்கள். வரவேற்பறை இருந்த இடத்தில் சின்னக் கதிரைகள் அடுக்கிக் கிடக்கின்றன. சிஸ்டர் லூர்தினா எங்கோ தெற்கே மாற்றலாகிப் போய்விட்டாராம். கடகத்தோடு வாங்கு வாங்காக வருகிற வழக்கமும் நின்றுபோனது. பூவைக் கோயில் வாசலில் ஒரு மேசையில் குவித்துவிடுகிறார்கள், கண்ணை மூடத் தேவையில்லை, விரும்பியதை எடுக்கலாம். மான்கள் மட்டும் அப்படியே திரிகின்றன. கச்சான் அடிக்கும்போது அந்த வாசலில் நின்றால், எனக்கு இன்னும் பச்சைக் கவ்வியும் செம்மஞ்சள் கவ்வியும் கண்ணுக்குள் வருகின்றன, கூடவே அன்று விழுந்த அதே எண்ணமும். எல்லாவற்றையும் கழித்துப் பார்த்தேன்: சிஸ்டரை, பூவை, மஞ்சள் பாத்தியை, என் மிதப்பை. இன்னும் ஏதோ மிச்சம் நிற்கிறது. அது எரிச்சலாகவும் இருக்கிறது.

உப்புவெளியில் வேறொரு சபையைச் சேர்ந்த மூன்று சிஸ்டர்மார் வாடகை வீடொன்றில் இருந்து மீன்பிடிக் குடும்பங்களின் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுக்கிறார்கள். கொஞ்ச நாள் வந்து நிற்கலாமோ என்று கேட்டேன். "வாரும். பிள்ளையளுக்குக் கணக்குச் சொல்லிக்குடும். எங்களுக்கு ஒண்டும் விளங்கப்படுத்த வேண்டாம்" என்றார் மூத்தவர். அந்தக் கடைசி வசனத்துக்காகவே போகலாம் என்று இருக்கிறது. இந்த முறை நவநாள் இல்லை, அடையாளமும் இல்லை.

ஆனால் அதற்கு முன்னால் ஒரு வேலை. நாளைக் காலமை அப்பா வேலைக்குப் போனபின், பெட்டியைத் திறந்து அந்தப் பூவை எடுத்துக்கொண்டு குசினிக்குப் போகப்போகிறேன். பஞ்சைக் காட்டி, அதை யார் சுற்றியது என்று சொல்லப்போகிறேன். அவள் எப்படித் தாங்குவாள் என்று தெரியாது. என்னை நம்புவாளோ என்றுகூடத் தெரியாது. சொல்லி முடித்த பிறகு, அடுப்பில் எண்ணெய் இல்லாத நேரமாகப் பார்த்து, மீன் பொரித்த அன்று பாதியில் விட்டதை முழுவதும் சொல்லச் சொல்லிக் கேட்பேன்: "நான் போனா நீங்கள் என்ன, அம்மா?"

அதைக் கேட்ட பிறகுதான் உப்புவெளி பஸ் எடுப்பதா என்று யோசிப்பேன்.